‘பிள்ளைக்கு என்ன கிளாஸ்?’

யூலை மாதம் வந்தால் எனக்குக் கோயிலுக்குப் போகவே தயக்கமாக இருக்கிறது. லண்டனில் தேரும் திருவிழாவுமாக எங்கள் சனம் எல்லாம் ஓரிடத்தில் கூடும் காலம் அது. யூனிவேர்சிட்டிப் பிள்ளைகளின் கடைசி வருட முடிவுகள் வருவதும் அந்தக் கிழமைகளில்தான். அன்னதான வரிசையில் தட்டோடு நிற்கும்போது பின்னால் நிற்பவர் தோளைத் தொடுவார். “மகனுக்கு முடிஞ்சுதாமே? என்ன கிளாஸ்?”

இரண்டு வருடங்களுக்கு முன் என்னிடம் அப்படிக் கேட்டபோது மகன் எனக்குப் பக்கத்தில் நின்றான். முடிவு வந்து ஒன்பது நாளாகியிருந்தது. செக்கண்ட் கிளாஸ் லோவர். பிள்ளைகளின் பேச்சில் ‘டூ-டூ’. நான் என்ன சொன்னேன் தெரியுமா? “இன்னும் சரியாத் தெரியேல்லை” என்றேன். அவன் கையிலிருந்த தட்டை மேசையில் வைத்துவிட்டுப் போய்க் காருக்குள் இருந்துகொண்டான். அன்றைக்கு அவன் சாப்பிடவில்லை. மூன்று வருடம் படித்து வாங்கிய பட்டத்தை, பெற்ற தாய் சனத்துக்கு முன்னால் இல்லையென்று சொன்னதைக் கேட்டுவிட்டுப் பிள்ளை எப்படிச் சாப்பிடும்?

அதனால் இதை யாரோ ஊர்ச் சனத்துக்குப் புத்தி சொல்வதாக எண்ணவேண்டாம். ஹரோவிலும் ஈஸ்ட்ஹாமிலும் டூட்டிங்கிலும் என்னைப்போல இருக்கிற அம்மா அப்பாமாருக்குச் சொல்கிறேன். நாங்கள் செய்வது பிழை. பிள்ளைகள் அதைப் பொறுத்துக்கொண்டு இருக்கிறார்கள். பொறுப்பதால் அது சரியாகிவிடாது.

இந்தக் ‘கிளாஸ்’ எங்கேயிருந்து எங்கள் தலைக்குள் வந்தது என்று யோசித்துப் பாருங்கள். 1921இல் கொழும்பில் யூனிவேர்சிட்டி கொலிஜ் தொடங்கியபோது அது தானாகப் பட்டம் கொடுக்கவில்லை. லண்டன் பல்கலைக்கழகத்தின் வெளிவாரிப் பட்டங்களுக்குத்தான் பிள்ளைகளை ஆயத்தப்படுத்தியது. 1942இல் இலங்கைப் பல்கலைக்கழகம் வந்தபோதும் ஃபர்ஸ்ட், செக்கண்ட் அப்பர், செக்கண்ட் லோவர் என்ற அந்த ஏணி அப்படியே நின்றது. 1974இல் யாழ்ப்பாணத்தில் வளாகம் திறந்தார்கள். நாடு முழுவதற்கும் ஒரே பல்கலைக்கழகம், மற்றதெல்லாம் அதன் ‘கம்பஸ்’கள் என்றிருந்த காலம் அது. இன்றைக்கும் நாங்கள் கம்பஸ் என்றுதானே சொல்கிறோம். அந்தக் கம்பஸில் கிளாஸ் அடித்தவனுக்கு ஒரு கதவு திறந்தது. விரிவுரையாளர் வேலைக்கு விண்ணப்பிக்க வேண்டுமென்றால் கிளாஸ் வேண்டும். கிளாஸ் இல்லாத பட்டதாரி எந்த அரசாங்கம் எப்போது ஆசிரிய நியமனம் தரும் என்று வருடக்கணக்காகக் காத்திருந்தான்.

அதற்கும் முன்னால் பல்கலைக்கழக அனுமதியில் தரப்படுத்தல். 1971இல் மருத்துவத்துக்குப் போகச் சிங்கள மொழியில் எழுதிய பிள்ளைக்கு 400க்கு 229 போதுமாக இருந்தது. தமிழில் எழுதிய பிள்ளைக்கு 250 வேண்டியிருந்தது. என் தகப்பனாரின் கூட்டாளிகளில் அந்த இருபத்தொரு புள்ளிக்காகத் தலைவிதி மாறியவர்கள் இருந்தார்கள். ஒரு புள்ளி என்றால் என்னவென்று எங்கள் சனத்துக்குத் தெரிந்த அளவுக்கு வேறு யாருக்கும் தெரியாது. அந்தக் காயத்தை நான் சின்னதாகச் சொல்லவில்லை. ஆனால் அது எங்கள் காயம். ஹரோவில் பிறந்த பிள்ளையின் மேல் அதைக் கொண்டுபோய் வைக்க எங்களுக்கு என்ன உரிமை?

இங்கே கணக்கு வேறு. நூற்றுக்கு 70உம் அதற்கு மேலும் ஃபர்ஸ்ட். 60 தொடக்கம் 69 வரை செக்கண்ட் அப்பர், அதாவது டூ-வன். 50 தொடக்கம் 59 வரை டூ-டூ. 40 தொடக்கம் 49 வரை தேர்ட். சொல்லும்போது லேசாகத்தான் இருக்கிறது. ஆனால் ஊரில் 75 எடுத்தால்தான் ‘ஏ’ என்று வளர்ந்த நாங்கள், பிள்ளை ஒரு கட்டுரைக்கு 68 வாங்கிக்கொண்டு வந்தால், “அறுபத்தெட்டுத்தானா? மிச்சம் முப்பத்திரண்டு எங்க போட்டுது?” என்று கேட்கிறோம். இங்கே வரலாறோ இலக்கியமோ படிக்கிற பிள்ளைக்கு 80க்கு மேல் போடுகிற ஆசிரியரைக் காண்பது அரிது. 68 என்றால் அந்த ஆசிரியர் பிள்ளையின் முதுகில் தட்டியிருக்கிறார் என்று அர்த்தம். அதை நாங்கள் வீட்டில் வைத்துத் தோல்வியாக மாற்றிவிடுகிறோம்.

குடும்ப வாட்ஸ்அப் குழுவில் நடப்பது இதைவிட மோசம். ஜெர்மனியில் இருக்கும் சித்தப்பாவின் மகள் 1.3 என்று போடுவாள். அங்கே 1 தான் உச்சம், 4 என்றால் ஒருமாதிரிப் பாஸ். சுவிஸ் பிள்ளைக்கு 5.5, அங்கே 6 தான் உச்சம். பாரிஸில் இருப்பவனுக்கு இருபதுக்குப் பதினாலு. அது அங்கே நல்ல புள்ளி, பதினாறு எடுத்தால் மிக நன்று என்று சான்றிதழிலேயே போடுவார்கள். கனடாக்காரி 3.8. யாழ்ப்பாணத்தில் இருப்பவளுக்கும் அதே நாலுக்குள்தான் கணக்கு, 3.7 தொட்டால் ஃபர்ஸ்ட் கிளாஸ். இதற்கு நடுவில் எங்கள் வீட்டுப் பிள்ளையின் 59. ஆறு நாட்டு அளவுகோல்களை ஒரே சுவரில் மாட்டிவிட்டு, இரவு பதினொரு மணிக்குப் போனைப் பார்த்துப் பெருமூச்சு விடுகிற பெற்றோரே, அந்தப் பெருமூச்சு சுவருக்கு அந்தப் பக்கம் படுத்திருக்கிற பிள்ளைக்குக் கேட்கும்.

வேறு நாட்டை விடுங்கள், இந்த நாட்டுக்குள்ளேயே ஒப்பிடமுடியாது. இதைத் தெரிந்துகொள்ள எனக்கு நாலு வருடம் எடுத்தது. ஒரு பிள்ளை இரண்டாம் வருடத்தில் சராசரி 56, மூன்றாம் வருடத்தில் 62 எடுத்திருக்கிறது என்று வையுங்கள். முதல் வருடப் புள்ளி அநேகமான இடங்களில் பட்டத்துக்குச் சேர்வதில்லை. இரண்டு வருடத்தையும் சரிபாதியாக எடுக்கிற பல்கலைக்கழகத்தில் அந்தப் பிள்ளைக்கு 59 வரும், டூ-டூ. கடைசி வருடத்துக்கு மூன்று பங்கு, இரண்டாம் வருடத்துக்கு ஒரு பங்கு என்று கணக்குப் பார்க்கிற இடத்தில் அதே பிள்ளைக்கு 60.5 வரும், டூ-வன். பேனா பிடித்த கை ஒன்றுதான், எழுதிய விடை ஒன்றுதான். சில இடங்களில் மிகக் குறைந்த பாடத்தைத் தள்ளிவிட்டுக் கூட்டுவார்கள். சில இடங்களில் 59ஐ அடுத்த படிக்கு ஏற்றிவிட விதி இருக்கிறது, சில இடங்களில் இல்லை. மாமியின் மகன் டூ-வன், உங்கள் மகள் டூ-டூ என்றால், அது இரண்டு பிள்ளைகளின் வித்தியாசமாக இல்லாமல் இரண்டு கணக்குகளின் வித்தியாசமாகவும் இருக்கலாம். இது பல்கலைக்கழகக்காரருக்குத் தெரியாத இரகசியமுமல்ல. 2007இலேயே லெஸ்டர் பல்கலைக்கழகத் துணைவேந்தர் ரொபேர்ட் பேர்ஜஸ் தலைமையில் இருந்த குழு, ஒரு பிள்ளையின் மூன்று வருடத்தை ஒற்றைச் சொல்லில் அடைக்கிற இந்த முறை இந்தக் காலத்துக்குப் பொருந்தாது என்று சொல்லி, விரிவான அறிக்கை ஒன்றைப் பட்டத்தோடு சேர்த்துக் கொடுக்கச் சொன்னது. அறிக்கை பல இடங்களில் வந்தது. நாங்கள் அதைத் திறந்து பார்ப்பதில்லை. ஒற்றைச் சொல்லைத்தான் பிடித்துக்கொண்டு நிற்கிறோம்.

வேலை கொடுக்கிறவர்கள் அந்தச் சொல்லை எப்படிப் பார்க்கிறார்கள்? “டூ-வன் இல்லாட்டி ஒருத்தனும் கூப்பிட மாட்டான்” என்று ரியூஷன் வாசலில் நின்று சொல்கிற அப்பாமார் இருக்கிறார்கள். பத்துப் பதினைந்து வருடத்துக்கு முன்னால் அதில் பெரும்பகுதி உண்மைதான். பட்டதாரிகளை எடுக்கிற நிறுவனங்களின் சங்கமான இன்ஸ்டிடியூட் ஒஃப் ஸ்டூடன்ட் எம்ப்ளோயர்ஸ் எடுத்த கணக்கின்படி 2014இல் நூற்றுக்கு 76 நிறுவனங்கள் குறைந்தது டூ-வன் கேட்டன. 2022இல் அது 48. பாதிக்கும் குறைவு. ஏர்ன்ஸ்ட் அண்ட் யங் 2015இலேயே இந்த நிபந்தனையை எடுத்துவிடுவதாக அறிவித்தது. பிரைஸ்வாட்டர்ஹவுஸ்கூப்பர்ஸ் 2022இல் எடுத்தது. எங்கள் பிள்ளைகளில் அரைவாசிப் பேர் கணக்கியல் பக்கம் போகிறவர்கள். இந்த இரண்டு பெயரையும் சாப்பாட்டு மேசையில் சொல்லாத தமிழ் வீடு குறைவு. ஆனால் இந்தச் செய்தியை மட்டும் நாங்கள் கேட்டுவைக்கவில்லை.

ஏன் எடுத்தார்கள்? இரக்கத்தால் மட்டுமல்ல. இங்கிலாந்தில் 2010–11 கல்வியாண்டில் ஃபர்ஸ்ட் வாங்கியவர்கள் நூற்றுக்குச் சுமார் 16 பேர். 2020–21இல், கொரோனாக் காலத்து விசேட விதிகளும் சேர்ந்து, 37 பேருக்கும் மேலே போய்விட்டது. பிறகு கொஞ்சம் இறங்கியிருக்கிறது. பழைய அளவுக்கு வரவில்லை. ஃபர்ஸ்டையும் டூ-வன்னையும் சேர்த்தால் பட்டம் பெறுகிற முக்கால்வாசிப் பேருக்கு மேல் அதற்குள் வந்துவிடுகிறார்கள். இப்படி எல்லாம் கீழே விழுகிற அரிதட்டில் மாவை அரித்து என்ன பயன்? அவர்கள் வேறு அரிதட்டு எடுத்துவிட்டார்கள். இணையத்தில் பரீட்சை, வீடியோ நேர்முகம், ஒரு நாள் முழுக்க வைத்துப் பார்க்கிற அசெஸ்மென்ட் சென்டர்.

கிளாஸுக்கு எங்கேயும் மதிப்பில்லை என்று நான் சொல்லவில்லை; அப்படிச் சொன்னால் அதுவும் பொய். கலாநிதிப் பட்ட ஆய்வுக்கு உதவிப்பணம் வேண்டுமென்றால் பெரும்பாலும் டூ-வன்னாவது கேட்பார்கள், அல்லது நல்ல முதுகலைப் பட்டம். பெரிய சட்ட நிறுவனங்கள் பல இன்னும் டூ-வன் கேட்கின்றன. பாரிஸ்டராகப் பயிலப் போகிறவருக்கு டூ-டூ வேண்டும். உளவியலாளராகப் பதிவுக்குப் போகிற பாதையிலும் டூ-டூ வேண்டும். சில விண்ணப்பங்களில் ‘டூ-வன் உண்டா, இல்லையா’ என்று ஒரு கட்டம் இருக்கும், ‘இல்லை’ என்றால் கணினியே கதவைச் சாத்திவிடும். பிள்ளை அந்தப் பாதையில் போக ஆசைப்படுகிறது என்றால் முதலாம் வருடத்திலேயே உட்கார்ந்து அதைப் பேசுங்கள். பட்டம் முடிந்தபிறகு கோயிலில் வைத்துப் பேசாதீர்கள். எங்கள் சனம் தலையில் தூக்கி வைக்கிற மருத்துவப் பட்டத்துக்கு இந்த நாட்டில் கிளாஸே கிடையாது. ஃபர்ஸ்டும் இல்லை, டூ-டூவும் இல்லை; பாஸ் பண்ணினால் டாக்டர். மிகச் சிலருக்கு விசேட சித்தி என்று போடுவார்கள், அவ்வளவுதான். 2024 தொடக்கம் இளம் டாக்டர்களை எந்தப் பகுதிக்கு அனுப்புவது என்பதற்குக்கூடப் படிப்புப் புள்ளியைப் பார்ப்பதை விட்டுவிட்டார்கள்.

இனிச் சொல்லப்போவதைத்தான் நான் முக்கியமாகச் சொல்ல வந்தேன்.

நான் வேலை செய்யும் இடத்தில் ஆட்களை எடுக்கிற குழுவில் பதினொரு வருடமாக இருக்கிறேன். விண்ணப்பங்கள் பெயர், வயது, படித்த இடம் எல்லாம் மறைத்துத்தான் எங்கள் கைக்கு வரும். பட்டம் உண்டா என்று மட்டும் ஒரு கட்டம். நேர்முகத்தில் ஆறு கேள்வி. ஒவ்வொன்றுக்கும் பூச்சியம் தொடக்கம் நாலு வரை புள்ளி. அதில் ஒரு கேள்வி எப்போதும் இருக்கும்: நீங்கள் செய்த ஒன்று பிழைத்துப்போன நேரத்தைப் பற்றிச் சொல்லுங்கள், அதற்கு என்ன செய்தீர்கள்?

போன வருடம் எங்கள் பிள்ளை ஒருத்தி வந்தாள். தலையை இழுத்துக் கட்டி, புதுக் கோட் போட்டு, கையில் ஃபைல். முதல் கேள்விக்கே “எனக்கு ஃபர்ஸ்ட் கிளாஸ்” என்று சொன்னாள். இரண்டாவது விடையிலும் அது வந்தது. பிழைத்துப்போன நேரத்தைக் கேட்டபோது, குழுவாகச் செய்த ஒரு வேலையில் மற்றவர்கள் பிந்தினார்கள், “நான் என்ர பங்கை நேரத்துக்கு முடிச்சிட்டன்” என்று ஆங்கிலத்தில் சொன்னாள். சரி, அந்தப் பிந்தினவர்களோடு என்ன பேசினீர்கள்? பேசவில்லை. ஆசிரியரிடம் சொன்னீர்களா? இல்லை. வேறு எங்கேயாவது, வேலையில், தொண்டு வேலையில், விளையாட்டில் ஏதாவது? மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கழுத்து சிவந்து வந்தது. விதிப்படி மூன்று தரம்தான் துருவிக் கேட்கலாம். நான் மூன்று தரமும் கேட்டுவிட்டேன். பக்கத்தில் இருந்த சக ஊழியர் தன் தாளில் ‘1’ என்று எழுதியதை ஓரக்கண்ணால் பார்த்தேன். நானும் அதைத்தான் எழுதவேண்டியிருந்தது.

பின்னேரம் வந்த பிள்ளை சனிக்கிழமைகளில் ஒரு மருந்துக்கடையில் நின்றவள். ஒரு கிழவருக்கு மற்ற ஆளின் மருந்துப் பொதியைக் கொடுத்துவிட்டதை அவர் வாசலைத் தாண்டிய பிறகுதான் கண்டிருக்கிறாள். ஓடிப்போய்ப் பஸ் தரிப்பில் பிடித்து வாங்கியதையும், கடைக்காரரிடம் தானே போய்ச் சொன்னதையும், பிழைப் புத்தகத்தில் எழுதியதையும், அதற்குப் பிறகு பொதியைக் கொடுக்கமுன் விலாசத்தைக் கேட்கிற வழக்கத்தைக் கடையில் எல்லோரும் எடுத்துக்கொண்டதையும் சொன்னாள். நாலு நிமிடம். நாலு புள்ளி. அவளுக்கு என்ன கிளாஸ் என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது.

முதல் வந்த பிள்ளையின் வீட்டை நான் பார்த்ததில்லை, ஆனாலும் அந்த வீடு எனக்குத் தெரியும். மேலே அறையில் பிள்ளை படிக்கும், கீழேயிருந்து தேத்தண்ணி போகும். சாப்பாட்டுக் கோப்பையும் மேலே போய்க் கழுவுவதற்குக் கீழே வரும். கடையில் நிற்கப்போகிறேன் என்று பிள்ளை கேட்டால், “உனக்கு என்ன குறை? காசு வேணுமெண்டால் கேள். படிப்பைப் பார்.” கல்யாண வீட்டில் சாமான் தூக்கப்போனால், “விடு, சோதினை இருக்கு.” யாரோடும் முட்டாமல், எதையும் பிழைக்க விடாமல், இருபத்தொரு வருடம் பொத்திப் பொத்தி வளர்த்து, ஃபர்ஸ்ட் கிளாஸையும் வாங்கிக் கொடுத்து, நேர்முக மேசைக்கு அனுப்புகிறோம். அங்கே பிள்ளையிடம் கேட்பது எதையோ, அதையெல்லாம் வீட்டில் நாங்கள் அதன் கையிலிருந்து பறித்துவைத்திருக்கிறோம்.

என் மகனுக்கு இரண்டாம் வருடத்தில் ஒரு நிறுவனத்தில் பிளேஸ்மென்ட் கிடைத்தது. படிப்புக்கு நடுவில் ஒரு வருடம் சம்பளத்தோடு வேலை. அந்த வருடத்துக்கு இங்கிலாந்துப் பல்கலைக்கழகங்கள் முழுக் கட்டணத்தின் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் அறவிட முடியாது. கடிதத்தைக் கொண்டுவந்து காட்டினான். நான், “ஒரு வருசம் வீணாப்போகும். பெரியம்மான்ர மகள் உனக்கு முதல் முடிச்சிடுவாள்” என்றேன். அவன் அதை எழுதி மறுத்துவிட்டான். பெரியம்மாவின் மகள் முடித்தாள்தான். அதனால் எனக்கு என்ன கிடைத்தது என்று இரவில் பலதரம் யோசித்திருக்கிறேன். பிளேஸ்மென்ட் போய்வந்த பிள்ளைகள் கடைசி வருடத்துக்குத் திரும்பிவரும்போது, அநேகம் பேரின் கையில் அந்த நிறுவனத்திலேயே வேலைக்கான வழி இருக்கும். இன்றைக்கு எந்தப் பிள்ளையாவது உங்கள் முன்னால் அப்படி ஒரு கடிதத்தோடு வந்து நின்றால், தயவுசெய்து என் வாயிலிருந்து வந்த சொல் உங்கள் வாயிலிருந்து வரவேண்டாம்.

இன்னொன்றும் கண்டிப்பாகச் சொல்லவேண்டும். “டூ-வன் எண்டே போட்டுவிடு, ஆர் பாக்கப்போகினம்?” என்று பிள்ளைக்குச் சொல்லிக்கொடுத்த ஒரு தகப்பனை எனக்குத் தெரியும். பார்ப்பார்கள். வேலை தருகிறோம் என்று சொன்னபிறகு சான்றிதழைக் கேட்பார்கள். ஹெட் என்று சுருக்கமாகச் சொல்கிற பட்டச் சரிபார்ப்புச் சேவை ஒன்று இந்த நாட்டில் இருக்கிறது; நிறுவனங்கள் அதன் மூலம் பல்கலைக்கழகத்திடமே கேட்டுவிடும். பொய் சொல்லி வேலை எடுப்பது இங்கே மோசடிச் சட்டத்துக்குள் வருகிற குற்றம். டூ-டூவோடு வேலை எடுக்கலாம், எத்தனையோ பேர் எடுத்திருக்கிறார்கள். அரசாங்கத்தின் ஆசிரியர் பயிற்சி உதவிப்பணங்களுக்கே டூ-டூ போதும். பொய் பிடிபட்ட பெயரோடு எடுக்கமுடியாது. வெட்கத்துக்குப் பயந்து பிள்ளையைக் குற்றத்துக்குள் தள்ளாதீர்கள்.

வெட்கம் என்றதும் மனதில் கிடக்கிற ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். பரீட்சைக் காலத்தில் பிள்ளைக்கு நோய் வந்தாலோ, வீட்டில் சாவு நடந்தாலோ, மனம் தளர்ந்து படுக்கையை விட்டு எழும்பமுடியாமல் போனாலோ, பல்கலைக்கழகத்துக்கு அறிவிக்க ஒரு வழி உண்டு. ‘மிட்டிகேட்டிங் சர்கம்ஸ்டன்சஸ்’ என்பார்கள். சில இடங்களில் ‘எக்ஸ்டெனுவேட்டிங்’ என்று தொடங்கும். ஒரு படிவமும் டாக்டரின் கடிதமும் போதும். பரீட்சையைப் பின்னால் எழுதவிடுவார்கள், அல்லது ஒப்படைக்கிற திகதியைத் தள்ளிக் கொடுப்பார்கள். ஆனால் அதற்குத் தவணை இருக்கிறது. பரீட்சைக் குழு கூடுவதற்கு முன்னால் கொடுக்கவேண்டும். குழு முடிவெடுத்த பிறகு, ‘ஆசிரியர் குறைத்துப் போட்டுவிட்டார்’ என்று முறையிட முடியாது. தக்க காரணமில்லாமல் பிந்திக் கொடுத்த படிவத்தையும் எடுக்கமாட்டார்கள். எங்கள் வீடுகளில் அந்தப் படிவம் போவதில்லை. போகாததற்குக் காரணம் பிள்ளையல்ல. “டிப்ரெஷன் எண்டு எழுதிக் குடுத்தால் நாளைக்குக் கலியாணப் பேச்சில தடையா வரும்” என்று சொல்கிற அம்மாமார்தான். அந்தக் கடிதத்தைப் பல்கலைக்கழகம் ஊர்ச் சனத்துக்கு வாசித்துக் காட்டப்போவதில்லை. வேலை கொடுக்கிறவருக்கும் அது போகாது. இருமலுக்கு டாக்டரிடம் ஓடுகிற நாங்கள் இதற்கு மட்டும் கதவைப் பூட்டிவைத்தால், பிள்ளை அந்தப் பூட்டுக்குள்ளே தனியாகவே பரீட்சை எழுதும்.

என் மகனின் டிரான்ஸ்கிரிப்டை, அதாவது பாடம் பாடமாகப் புள்ளி போட்ட அந்தத் தாளை, நான் பார்த்தது பட்டம் முடிந்து ஒன்பது மாதத்துக்குப் பிறகு. அதுவும் வேறு ஏதோ விண்ணப்பத்துக்கு அச்செடுத்துச் சமையலறை மேசையில் விட்டிருந்தான். இரண்டாம் வருடம் இரண்டாம் தவணையில் 48, 44, 51. அந்த மாதங்களை எண்ணிப் பார்த்தேன். என் அப்பா யாழ்ப்பாணத்தில் படுக்கையில் கிடந்து, நான் ஐந்து கிழமை அங்கே போய் நின்ற காலம். வீட்டில் தங்கச்சியைப் பள்ளிக்கூடம் கொண்டுபோய் விட்டு, சமைத்து, தகப்பன் இரவு வேலைக்குப் போகமுன் சாப்பாடு கொடுத்தது அவன்தான். அதைப்பற்றி எங்கேயும் ஒரு படிவம் போகவில்லை. நான் கேட்கவுமில்லை, அவன் சொல்லவுமில்லை. தாளின் அடியில் கடைசி வருடப் புரொஜெக்ட் இருந்தது. எதிரே 74.

மாடிப்படியில் நின்று கூப்பிட்டேன். “தம்பி, இந்த எழுபத்திநாலு என்ன?”

கொஞ்ச நேரம் சத்தமில்லை. பிறகு லப்டொப்பைத் தூக்கிக்கொண்டு இறங்கிவந்து மேசையில் வைத்தான். பஸ் நேர அட்டவணையை வைத்து, எந்தத் தரிப்பில் எத்தனை பேர் எவ்வளவு நேரம் காத்து நிற்கிறார்கள் என்று கணிக்கிற ஏதோ ஒன்று. எனக்கு அதில் பாதி விளங்கவில்லை. எங்கள் வீட்டுக்கு முன்னால் நிற்கிற தரிப்பையும் அதில் போட்டிருந்தான். பச்சைப் புள்ளியாக இருந்தது. அதைத் தொட்டுக் காட்டி, “இது நீங்கள் காலமை வேலைக்குப் போற பஸ்தான் அம்மா” என்றான்.